மேற்குச் சுவருக்கு ஒரு கட்டில்

மார்ச் 9, ஞாயிறு

பக்கத்து வீட்டில் சாவு. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் ஜன்னலுக்கு வெளியே கொட்டுச் சத்தம். பலவேசம் அண்ணாச்சியின் அம்மாவாம். நாங்கள் இந்த லைன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. படுத்த படுக்கை. இருமல் மட்டும் நடுவிலுள்ள குறுகிய சந்தைத் தாண்டி வரும். இன்று இருமலுக்குப் பதில் கொட்டு.

என் மனைவி கனி உண்டாகியிருப்பதால் நான் சாவு வீட்டுத் துட்டிக்குப் போகக் கூடாது என்று அவள் வீட்டில் சட்டம். அந்தச் சட்டத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போகாமல் இருக்க நல்ல சாக்கு, அவ்வளவுதான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தேன். கொட்டு நின்ற பிறகும் தூக்கம் வரவில்லை. சூடு.

மார்ச் 12, புதன்

கன்டெய்னர் யார்டில் நான் ரிப்பேர் பார்க்கும் வண்டிகளுக்கு லாக் எழுதுகிறோம். எப்போது எது சூடானது, எந்த பெல்ட் அறுந்தது. எழுதி வைத்தால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். இனி வீட்டுக்கும் எழுதப்போகிறேன்.

டெம்பரேச்சர் கன்னை யார்டிலிருந்து கொண்டுவந்தேன். தள்ளி நின்று நீட்டினாலே சூடு சொல்லும். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்குச் சுவர், உள்பக்கம்: 43. கூரைத் தகரத்துக்கு மேல் போன மாதமே ஓலை போட்டுவிட்டேன். ஆகவே எதிரி சுவர்தான். சிமென்ட் கல்லுச் சுவர், பூச்சு கூடக் கிடையாது. மத்தியானம் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கக்குகிறது.

கனி இந்த வீட்டில் பத்து நாள்தான் இருந்தாள். வளைகாப்பு முடிந்து சாத்தான்குளத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "இந்தத் தகர டப்பாக்குள்ள நான் பிள்ளையக் கொண்டுட்டு வரமாட்டேன். எஞ்சினுக்குப் பாக்கிற வேலையில பாதியாச்சும் வீட்டுக்குப் பாருங்க."

சொன்னால் செய்கிறவள். ஹவுஸ் ஓனரிடம் சுவருக்கு வெளியே ஒரு மறைப்புப் போட்டுத் தரச் சொன்னேன். தூத்துக்குடியில் வெயில் அடிக்காமல் பனியா பெய்யும் என்று கேட்டார். அந்த ஆளிடம் பேசிப் பயனில்லை.

மார்ச் 16, ஞாயிறு

முடிவு: கொடிப்பந்தல். தலைக்கு மேல் போடுவது இல்லை, சுவர் மாதிரி நெட்டாக நிற்பது. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் பயன் இல்லை, நடுவில் காற்று ஓட வேண்டும். கொடி, கோவை. உவர்த் தண்ணீருக்கும் சாகாது.

யூடியூபில் வெள்ளைக்காரன் ஒருத்தன் புது மரத்தை அறுத்து, வார்னிஷ் அடித்து, 'சிக்கனமான பந்தல்' என்கிறான். அணைத்துவிட்டேன். எதையும் கடையில் வாங்குவதாக இல்லை. இந்த ஊர் தூக்கிப் போடுகிற இரும்பிலேயே நாலு வீடு கட்டலாம்.

மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலை கேட்டேன், அள்ளிக்கொண்டு போ என்றார்கள். நாற்றம் போக இரண்டு நாள் வெயிலில் போட்டிருக்கிறேன். பைபாஸில் காதணி விழா ஃப்ளெக்ஸ் ஒன்று விழா முடிந்து ஒரு மாதமாக நின்றது. சட்டத்தைப் பிரித்து வந்தேன். ஃப்ளெக்ஸில் இருந்த பிள்ளை முறைத்தது. கட்டுக்கம்பி யார்டில் கிடக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று: நடுவில் நிற்க முதுகெலும்பு மாதிரி ஒரு கனமான சட்டம்.

மார்ச் 25, செவ்வாய்

கிடைத்தது.

தெருமுனைக் குப்பைமேட்டில் இரும்புக் கட்டில். பைப்பு கனம், பட்டைகள் முழுசு, துரு காலில் மட்டும். நெட்டாக நிறுத்தி, கால்கள் நாலையும் சுவர்ப் பக்கம் திருப்பினால் காலின் நீளமே சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு அடி இடைவெளி. நான் தனியாக பிராக்கெட் வெல்டிங் வைக்க வேண்டாம். இப்படிப் பொருந்துகிற சாமான் வாழ்க்கையில் எப்போதாவதுதான் கிடைக்கும்.

பக்கக் கம்பிகளில் பழஞ்சேலையைக் கிழித்து நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். அழுக்கு. பிளேடால் அறுத்து அங்கேயே போட்டுவிட்டுக் கட்டிலைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

யாருடையது என்று யோசிக்கவில்லை. குப்பையில் கிடந்தால் யாருடையதும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

கட்டிலை நிறுத்தியாயிற்று. தலைமாட்டுப் பக்கம் கம்பி உயரம், கனமும் கூட. அதைக் கீழே வைத்தேன். இரண்டு பக்கமும் ஃப்ளெக்ஸ் சட்டங்களைக் கட்டி, மேலே வலையை இழுத்துப் போட்டால் மேற்குச் சுவர் முழுக்க மறைகிறது. கீழே வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே எண்ணெய் கேன்களை வரிசையாக வைத்து மண் நிரப்பிக் கோவைக் குச்சிகளை ஊன்றினேன்.

பலவேசம் அண்ணாச்சி வீட்டு வாசல் எங்கள் மேற்குச் சுவரைப் பார்த்து இருக்கிறது. நடுவில் ஒரு சந்து, இடுப்புயரச் சுவர். உப்பு லாரி ஓட்டுகிறவர், அறுபதை நெருங்குகிற ஆள். மொட்டைத் தலையில் முடி இப்போதுதான் முளைத்திருக்கிறது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது எங்கம்மை கட்டிலு."

"தூக்கிப் போட்டாச்சுல்லா அண்ணாச்சி. குப்பையில கெடந்ததத்தான் எடுத்தேன்."

"எடுத்தது சரி. தலகீழா நிப்பாட்டியிருக்க."

கனமான பக்கம் கீழே இருந்தால்தான் காற்றுக்குச் சாயாது என்று விளக்கினேன். அவருக்குப் புரிகிற மாதிரி லாரியில் லோடு ஏற்றுகிற உதாரணம் கூடச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"படிச்ச புள்ள" என்றார். திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அது பாராட்டு இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

கனியோடு போன். செத்துப்போன கிழவி கட்டில்தான் இனி நமக்கு ஏசி என்று சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டு போர்வெல்லிலிருந்து சுவருக்கு மேலே ஒரு ஹோஸ் வரும். முன்பிருந்தே இந்த லைன் வீட்டுக்கான ஏற்பாடு. இன்று ஹோஸ் இல்லை. சுருட்டித் தன் வீட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். மோட்டார் ரிப்பேராம். அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது.

தெருக்குழாயில் குடம் வைத்துத் தூக்குகிறேன். தூக்குவேன். இதற்கெல்லாம் மசிகிற ஆள் நான் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. லீவு. கோவை துளிர்த்துவிட்டது. முதல் பற்றுச்சுருள் கட்டில் பட்டையை எட்டிப் பிடித்திருக்கிறது. கனிக்கு போட்டோ அனுப்பினேன். பதிலுக்கு அவள் காலை போட்டோ எடுத்து அனுப்பினாள். வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பற்றுச்சுருள் எல்லாம் கறுத்துவிட்டது. நுனிகள் வெந்த மாதிரி தொங்குகின்றன. ஒரு கேனில் இல்லை, எல்லாவற்றிலும். கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியை ஊற்றினால் இப்படித்தான் ஆகும்.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாச்சியின் மனைவியை, அந்த அக்காவைக் கூப்பிட்டு நேராகவே கேட்டேன். அந்த அக்கா சோற்றுக் கையோடு வெளியே வந்தாள்.

"எங்க வீட்டுக் கஞ்சி எங்க ஆட்டுக்கே பத்தல. உஞ் செடிக்கு ஊத்த எனக்கென்ன கிறுக்கா? வாயக் கழுவிட்டு வந்து பேசு."

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அண்ணாச்சி லோடுக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் கைகலப்பு ஆகியிருக்கும். ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 23, புதன்

மத்தியானம் இரண்டு மணிக்குக் கன்னைக் கட்டில் கம்பியில் நீட்டினேன். 61.

வடிகஞ்சி இல்லை. இரும்புதான். வெறும் இரும்பை மேற்கு வெயிலில் நிறுத்தி அதன்மேல் பிஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டிருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ. வெப்பக் கடத்தலில் நல்ல மார்க்.

கம்பிக்குத் துணி சுற்ற வேண்டும். யாரோ ஏற்கெனவே நெருக்கமாகச் சுற்றித்தான் வைத்திருந்தார்கள்.

அந்த அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா? சொல்லவில்லை. அவர்களும்தானே தண்ணீரை அடைத்தார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

டிரங்குப் பெட்டியின் அடியில் இரண்டு பழைய நூல்சேலை. நைந்து, தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. வேறு பருத்தித் துணி வீட்டில் இல்லை. கிழித்துக் கம்பி, பட்டை, ஃப்ளெக்ஸ் சட்டம் எல்லாவற்றிலும் சுற்றினேன். துணிக்கு மேலே 44. கொடி தாங்கும்.

ஏப்ரல் 28, திங்கள்

பெண் குழந்தை. நேற்று. நாள் இருக்கும்போதே. ஒன்றே முக்கால் கிலோ கூட இல்லை.

ஏப்ரல் 30, புதன்

திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூக்கில் டியூப். பெட்டியின் மேலே டிஸ்ப்ளேயில் சூடு ஓடுகிறது: 34.2, 34.1, 34.2. கன்ட்ரோல் நன்றாக வேலை செய்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளையைப் பாருங்கள் என்று நர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வராந்தாவில் அத்தை. ஆஸ்பத்திரி என்று கூடப் பார்க்கவில்லை.

"பிள்ளத்தாச்சி புருசன் முடி வெட்டப்படாது, குழி தோண்டப்படாதுன்னு சொன்னதுக்கு, எல்லாம் மூடநம்பிக்கைன்னீங்க. சரி. எந்தச் சீக்காளி செத்த கட்டிலோ, அதக் கொண்டாந்து வீட்டுல நட்டுருக்கீங்களே மருமவனே, அதுக்கு என்ன பேரு?"

அம்மாவுக்கு பிரஷர் ஏறினால் குழந்தை முன்னாலேயே பிறக்கும், டாக்டரைக் கேளுங்கள் என்றேன். அந்த பிரஷர் ஏன் ஏறியது என்று கேட்டாள். கட்டில் போகாமல் பிள்ளையை அனுப்ப மாட்டாளாம்.

கட்டில் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்? சாத்தான்குளத்துக்கும் எங்கள் தெருவுக்கும் என்ன தொடர்பு? லாரி. உப்பு லாரி அந்த வழியாகத்தான் போகிறது.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். அண்ணாச்சி லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். மோட்டார் ரிப்பேரான வீட்டில். போய்க் கேட்டேன், என் மாமியார் வீட்டுக்குப் போய்க் கோள் சொல்லுகிற வயசா இது என்று.

ஹோஸைக் கீழே போட்டார். தண்ணீர் என் செருப்பில் ஓடியது.

"ஏல இசக்கி, உம் மாமியா கறுப்பா செவப்பான்னு எனக்குத் தெரியாது. எந் தாயி கட்டில வச்சு நான் பஞ்சாயத்துப் பண்ணணும்னா உன் வாசல்ல நின்னு பண்ணுவேன். அங்க எதுக்குப் போவேன்?"

நம்பவில்லை.

மே 5, திங்கள்

கனியிடம் சொன்னேன். "நீங்கதான சொன்னீங்க எங்கிட்ட? நான் அம்மாட்ட சொன்னேன்" என்றாள்.

ஏப்ரல் 2 பார்க்க.

மே 18, ஞாயிறு

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டது. சாத்தான்குளம் போயாயிற்று. மூன்றாம் மாதத்தில், ஆனிக்குள் புருஷன் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் ஆவணி வரை அனுப்பமாட்டார்கள். அதாவது எனக்கு ஜூலை பாதி வரைதான்.

கட்டிலை எடுப்பதாக இல்லை. இரும்புக்குச் சாவு தெரியாது. துணி சுற்றிய பிறகு கொடி பிசாசு மாதிரி ஏறுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

உள்சுவர் 35. மார்ச்சில் 43. வெளியே கட்டில் எங்கே, வலை எங்கே என்று தெரியவில்லை. ஒரே பச்சை. கோவைப்பழத்துக்குக் கிளி வருகிறது. பொரியல் வைத்தேன், உப்பு கூடிவிட்டது.

ஹோஸ் இன்னும் வரவில்லை. காலையில் அண்ணாச்சி கதவைத் திறந்ததும் முதலில் இந்தப் பக்கம்தான் பார்க்கிறார். இலைக்குள் எதையோ தேடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு துப்பிவிட்டு லாரிக்குப் போகிறார். தினமும். எனக்கென்ன.

ஜூன் 29, ஞாயிறு

அத்தை சொல்லாமல் வந்தாள். வீட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ண. நான் 35-ஐக் காட்டினேன். அவள் கன்னையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. நேரே டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

"இதுல ரெண்டு சேல வச்சேனே."

நான் பந்தலைக் காட்டினேன்.

அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று புரிய. இலைகளை விலக்கினாள். கம்பியில் சுற்றியிருந்த துணி, வெளுத்து, கொடி இறுக்கி. அவளுடைய அம்மாவின் சேலைகளாம். கனியைத் தொட்டில் கட்டி ஆட்டிய சேலைகள். கனியின் பிள்ளைக்கு என்று எடுத்து வைத்ததாம். புதுத்துணியில் தொட்டில் கட்டமாட்டார்கள், பெரியவர்கள் உடுத்திய சேலையில்தான் கட்டுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம். இதைச் சொல்லவும் செய்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவள் கத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதாள். "ரெண்டு கிலோ பிள்ளய எதுல போட்டு ஆட்டுவேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கத்தினால் பதில் சொல்லலாம்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். என்னைத் திட்டுகிற ஒரு ஆள் கிடைத்ததும் அவளுக்குச் சந்தோஷம். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து என்னைப் பற்றிப் பேசினார்கள், நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. பேச்சு கட்டிலுக்கு வந்தது. அத்தை கேட்டாள், என்ன சீக்கில் செத்தார்கள் என்று.

சீக்கு ஒன்றும் இல்லை, வயசு என்றாள் அக்கா. தொண்ணூற்றேழு. பேரன் பேத்தி போக, கொள்ளுப்பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்துத்தான் அனுப்பினார்கள். சண்முகவடிவு அம்மாள்.

அத்தை முகத்தைத் துடைத்தாள். எழுந்து வந்து இலைக்குள் கையை விட்டுக் கட்டில் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு மாதமாக இந்த இரும்புக்காகப் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்றவள்.

"தொண்ணூத்தேழு வாழ்ந்தவ சேலையில போட்டா பிள்ளைக்கு ஆயுசு கெட்டி. கட்டில்ல சேல எதுவும் இருந்துச்சா மருமவனே?"

இருந்தது. பிளேடால் அறுத்துக் குப்பையில் போட்டேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை.

ஆக: செத்தவள் கட்டில் ஆகாது. ஆனால் அவள் சேலை ஆகும். தொண்ணூற்றேழு என்றால் கட்டிலும் ஆகும். இதில் என்ன லாஜிக் என்று கேட்டேன். சேலையோடு வாங்க, பிள்ளையை அனுப்புகிறேன் என்றுவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

கனியிடம் கேட்டேன், நீயும் இதை நம்புகிறாயா என்று. குழந்தை மூச்சு விடுகிற சத்தம் போனில் கேட்டது, விசில் மாதிரி.

"பத்தொம்பது நாள் அந்தப் பெட்டிக்குள்ள கெடந்தா. நான் இப்ப எல்லாத்தையும் நம்புவேன். நீங்களும் ஒண்ணையாச்சும் நம்புங்க" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். வாசலில் நின்றேன். உட்கார் என்று சொல்லவில்லை.

"ஒரு சேல வேணும் அண்ணாச்சி. உங்க அம்மா சேல."

அவர் சிரித்தார். "குப்பையில போய்த் தேடு. நீ அங்கன எடுக்கிறவன்தான."

நான் வாசலைவிட்டு நகரவில்லை. கெஞ்சுவது எனக்கு வராத வேலை. அவரே பேசினார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. எந் தங்கச்சிமாருக்குத் தெரியாம வச்சிருக்கேன். பதினாறு கழிஞ்சா ஒண்ணையும் வீட்டுல வைக்கப்படாதுன்னு மூணு பேரும் தலைமாட்டுல நின்னாளுவ. கட்டில நான்தான் தூக்கிட்டுப் போயிப் போட்டேன். கம்பி அவ கையில குத்தும்னு நான் சுத்துன துணியோட போட்டேன். ஒரு வாரம் ஆகல, நீ கொண்டாந்து எங் கண்ணு முன்னால நிப்பாட்டுத. அதுவும் தலகீழா. காலையில கதவத் தொறந்தா எந் தாயி தலகீழா நிக்கா. நீ எனக்கு லாரில லோடு ஏத்தச் சொல்லித் தாரே."

"கட்டில எடுத்துருதேன் அண்ணாச்சி."

"எடுத்து? மறுபடி குப்பைக்கா? ஒரு தடவ போட்டது போதும். அது அங்கனயே நிக்கட்டும். தல மேல இருக்கணும். அவ்வளவுதான்."

"திருப்பணும்னா கொடிய எல்லாம் வெட்டணும்."

"வெட்டு."

செடியைக் கருக்கியது வடிகஞ்சி இல்லை, இரும்புதான் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். தெரியும் என்றாள்.

ஜூலை 9, புதன்

வெட்டாமல் திருப்ப வழி இருக்கிறதா என்று மூன்று நாள் யோசித்தாயிற்று. இல்லை. கொடி கட்டிலைச் சுற்றவில்லை, பட்டைக்குப் பட்டை தைத்திருக்கிறது. வெட்டினால் சுவர் மறுபடி 40-ஐத் தாண்டும். தழைய ஒரு மாதம். கனியும் பிள்ளையும் வருவது திங்கட்கிழமை. வெட்டினால் கனிக்குக் கொடுத்த வாக்கு போகிறது. வெட்டாவிட்டால் சேலை இல்லை, அவர்கள் வரவே போவதில்லை.

இரும்புக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. இது எனக்கு இன்றும் தெரியும்.

பட்டறையில் அரிவாளுக்குச் சாணை பிடித்தேன்.

ஜூலை 12, சனி

காலையில் வெட்டினேன். கேன்களிலிருந்து ஒரு முழம் விட்டு எல்லாவற்றையும். மூன்றரை மாதம் ஏறியது, இறக்க ஒரு காபி குடிக்கிற நேரம் கூட ஆகவில்லை. கிளி மின்கம்பியில் உட்கார்ந்து கத்தியது.

வலையை அவிழ்த்து, சட்டங்களைப் பிரித்து, கட்டிலை ஒற்றை ஆளாகச் சாய்க்கப் போனேன். இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் வழுக்குகிறது. அண்ணாச்சி சுவரைத் தாண்டி வந்தார். அறுபது வயசில் தாண்டுகிறார்.

"தலமாட்ட நான் பிடிக்கேன். நீ காலப் பிடி."

பிடித்தோம். படுக்க வைத்தோம். சந்து குறுகல். தெருவுக்குத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுற்றித் திருப்ப வேண்டியிருந்தது. தெருவில் போனவர்கள் நின்று வழி விட்டார்கள். கட்டிலில் யாரும் இல்லை என்று அவர்களுக்கும் தெரிந்தது. அப்படியும் ஒதுங்கினார்கள். அண்ணாச்சி யாரையும் பார்க்கவில்லை. கிழிந்து தொங்கிய துணியை ஒரு இடத்தில் பெருவிரலால் அழுத்திச் சரிபண்ணிக்கொண்டே நடந்தார். அது என் மாமியாரின் அம்மா சேலை. சொல்லவில்லை.

நிறுத்தினோம். தலைமாடு மேலே. சாயாமல் இருக்க மேல் கால்களைச் சுவரில் கிளாம்ப் போட்டு முடுக்கினேன். நான் சொன்னது தப்பில்லை, கிளாம்ப் இல்லாமல் நிற்காது. ஆனால் தலைமாட்டுக் கம்பி இப்போது மேலே வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் கொடி படர்ந்தால் ஜன்னலுக்கு மேல் தாழ்வாரம் மாதிரி நிழல் விழும். மார்ச்சிலேயே இப்படித்தான் நிறுத்தியிருக்க வேண்டும். டிசைன்படி இதுதான் சரி.

இதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உப்புச் சாக்குகளை வலையில் வரிசையாகத் தொங்கவிட்டேன். நனைத்து வைத்தால் கொடி தழையும் வரை தாங்கும் என்று கணக்கு. தெருக்குழாய்க்குக் குடத்தை எடுத்தேன். பின்னாலிருந்து ஹோஸ் சுவருக்கு மேலே வந்து என் முதுகில் விழுந்தது.

"மோட்டார் சரியாயிட்டா?" என்றேன்.

"வாய மூடிட்டு நனை" என்றார்.

ஜூலை 14, திங்கள்

காலையில் சேலை வந்தது. அக்கா கொண்டுவந்தாள், அண்ணாச்சி வரவில்லை. அரக்கு நிறம். துவைத்து மடித்து, மேலே ஒரு வேப்பிலைக் கொத்து.

மத்தியானம் கனி குழந்தையோடும் அத்தையோடும் வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பந்தலைத்தான் பார்த்தாள். போட்டோவில் பச்சையாக அனுப்பியது, நேரில் ஈரச் சாக்கு தொங்கும் கட்டில்.

"கொடி எங்க?"

"வெட்டிட்டேன்."

"எதுக்கு?"

சேலையைக் காட்டினேன். வாங்கினது எப்படி என்று சொன்னேன். நாலு வரியில் முடிந்துவிட்டது, நான் நினைத்ததைவிடச் சின்னக் கதை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன். ஆட்டோவை இன்னும் அனுப்பவில்லை. பைகள் அதில்தான் இருந்தன.

"முந்தி கை வைக்க முடியாது" என்றாள். பிறகு அவள் அம்மாவைப் பார்த்து, "பைய எறக்கும்மா" என்றாள்.

கூரை ஆங்கிளில் தொட்டில் கட்டினேன். பாரம் தாங்குமா என்று நானே முதலில் தொங்கிப் பார்த்தேன். தகரம் முனகியது, அத்தையும் முனகினாள். சேலையில் பிள்ளையைப் போட்டாள் கனி. கையளவுதான் இருக்கிறது. சேலை முழுசும் மீதி.

சாயங்காலம் நாலு மணி. சுவர் 37. கேனில் வெட்டிய இடத்தில் பச்சையாக ஊசி முனை அளவுக்கு ஏதோ தெரிகிறது. தொட்டில் எவ்வளவு சூடு என்று பார்க்கக் கன்னை நீட்டினேன்.

கனி கையைத் தட்டிவிட்டாள்.